சுவரோரத்து ஈரம்

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் தங்கையின் வீட்டில் கரண்ட் போனது.

இரண்டும் ஒன்றாக நடந்ததால் தங்கைக்குச் சந்தேகமே இல்லை.

முன்பு ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி, அதைக் கொல்லைக் கடைசி வரை இழுத்திருந்தார்கள். போன வருடத்திலிருந்து பேச்சும் இல்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டையும் கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

கோடை தொடங்கியதிலிருந்து அக்கா தினமும் அந்தச் சுவரடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. தங்கையின் பக்கம் பெயின்ட் உப்பிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

வேண்டுமென்றே செய்கிறாள். இன்று அந்த ஈரம் வயருக்குள்ளும் இறங்கிவிட்டது.

"அம்மா, மெஷின் நின்னுடுச்சு!" துணி துவைக்கும் இடத்திலிருந்து மகள் கத்தினாள்.

போர்டில் டிரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தங்கை ஏற்றிவிட்டாள். மறுபடி விழுந்தது.

எலக்ட்ரீஷியன் வந்து பையை இறக்கி வைக்கக்கூட அவள் விடவில்லை.

"அண்ணே, அவ ஊத்துற தண்ணிதான் காரணம்னு உங்க வாயால சொல்லுங்க. அந்தப் பக்கம் கேக்குற மாதிரி கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க."

"நான் வயர் பாக்க வந்திருக்கேன்மா. சாட்சி சொல்ல வரல."

அவர் வாஷிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். டிரிப் சுவிட்ச் விழாமல் நின்றது.

மெஷினை முன்னால் இழுத்துப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு வயர் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. செம்பு நேராக உடம்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கரண்ட் போனப்போ யாரு இதுகிட்ட நின்னா?"

மகள் பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. காலில் செருப்பு இல்லை.

தங்கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. கசிஞ்ச கரண்ட் எர்த் வயர் வழியா மண்ணுக்கு ஓடிடுச்சு. ஓடினதுமே டிரிப் விழுந்திருச்சு. மண்ணு காஞ்சு கெடந்தா அந்த வழி அடைபட்டிருக்கும். தொட்ட பிள்ளை மேலதான் பாஞ்சிருக்கும்."

தங்கை கண்ணை மூடினாள். கடவுளே, நன்றி என்று உதடு மட்டும் அசைந்தது. இதற்குக் கடவுள் யாருடைய கையைக் கருவியாக்கினார் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றுதான் புரியவில்லை. "இந்த வெயில்ல, இந்தப் பாறை மண்ணுல, தெரு பூரா எர்த் வறண்டு கெடக்கு. உங்களுது மட்டும் எப்படி? எர்த் கம்பி இறக்கின குழி எங்க இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. எர்த் வயர் போகிற வழியே அவர் போனார். அது போர்டிலிருந்து கிளம்பி, கொல்லையில் இறங்கி, சுவருக்கு அடியில் புகுந்து மறைந்தது.

அந்தப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். அக்கா ஏதாவது சொல்லி மனிதரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடாதே என்று தங்கையும் கூடவே நடந்தாள்.

"வாங்கண்ணே," என்றாள் அக்கா, எலக்ட்ரீஷியனிடம் மட்டும்.

அவர் நடந்ததைச் சொன்னார். அக்காவின் முகம் வெளுத்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற தங்கை சொன்னாள்: "ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்கண்ணே."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, சுவரோரம் கிடந்த சிமென்ட் மூடியைத் தூக்கினார்.

உள்ளே குளிர்ந்த சேறு. நடுவில் எர்த் கம்பி நின்றது.

"கோடையில காய விடக் கூடாதுன்னு கம்பி இறக்கினவரு சொல்லியிருந்தாரு," என்றாள் அக்கா. "சுவருல ஈரம் ஏறுதுன்னு தெரியும். என்ன பண்றது, குழி இங்க இருக்கே."

எலக்ட்ரீஷியன் சேற்றை விரலால் விலக்கினார். கம்பியின் தலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு வயர்தானே இருக்கு. உங்க வீட்டு வயர் எங்கம்மா?"

"எங்களுக்கு வாசல்ல தனிக் குழி. சுவர் வச்சப்பவே மாத்தியாச்சு."

கம்பியில் முறுக்கியிருந்த அந்த ஒற்றை வயர் சேற்றிலிருந்து எழுந்து, சுவருக்கு அடியில் புகுந்து, தங்கையின் வீட்டுக்குப் போனது.

தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்க்கா சொல்லல?"

அக்கா எலக்ட்ரீஷியனைப் பார்க்கவில்லை.

"நீ பேசினாத்தானேடி சொல்றதுக்கு."