மாத்திரை காட்டிய தம்பி

"மேல பாரு, அந்த மஞ்சள் மீன் மறுபடியும் வந்துடுச்சு."

"நீங்க பார்க்காதீங்க. கண்ணை மூடித் திறந்தா போயிடும்" என்றாள் மனைவி.

ரொட்டிக்கடைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். மீன் போய்விட்டது. ஆனால் ஆஸ்பத்திரி அறையின் கூரை, உப்புகிற மாவு போல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது. பயமாக இல்லை, அழகாகத்தான் இருந்தது.

மஞ்சள் காமாலை முற்றி, நினைவு தப்பிக் கிடந்தவருக்கு வேறொருவரின் ஈரலில் பாதியைப் பொருத்திப் பிழைக்க வைத்திருந்தார்கள். புது ஈரலை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க ஒரு மாத்திரை. அதுதான் கையை நடுங்க வைக்கிறது, இல்லாததையெல்லாம் காட்டுகிறது, அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மனைவி வெந்நீர் பிடித்து வரப் போனாள். கதவருகே தம்பி வந்து நின்றான். பல வருஷமாக முகம் பார்க்காத தம்பி.

அவர் கண்ணை மூடித் திறந்தார். தம்பி போகவில்லை.

"பொல்லாத மாத்திரைதான். யாரைக் காட்டணும்னு தெரிஞ்சு வச்சிருக்கு."

"அண்ணே..."

"பேசாதடா, கலைஞ்சிடுவே. சும்மா உட்காரு."

தம்பி சுவரைப் பிடித்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாவு பிசைய மெஷின் வாங்கலாம்னு நீ சொன்னதுல தப்பே இல்லடா. 'கையில வலு இல்லாதவன் கடையை விட்டுப் போ'ன்னு நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீயும் ரோஷக்காரன், போயே போயிட்டே. இப்ப என் கையைப் பாரு."

போர்வைமேல் அவர் விரல்கள் தாமாகத் தாளம் போட்டன.

"மெஷினை வாங்கிடலாம். நீயே வந்து கடையை நடத்து. நீ இல்லாம எனக்கு எதுவுமே ருசிக்கலடா."

தம்பியின் கண்களில் நீர் முட்டியது.

"அட, அழாதே. நிஜமாவே நீ வந்து நின்னா இதெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. வீம்பு விடாது. அதான் இந்தப் பொய்த் தம்பிகிட்டயாவது சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டதும் மிதப்பது போலிருந்தது அவருக்கு. கட்டிலே லேசாகிவிட்டது.

அப்போது உள்ளே வந்த நர்ஸ், நேராக அந்த நாற்காலியைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

"பக்கத்து ரூம்ல அசையாமப் படுங்கன்னா, இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்களா? பாதி ஈரலை அறுத்துக் கொடுத்துட்டு, தையல்கூட ஆறாம, இப்படியா எழுந்து நடப்பாங்க?"