பாதி வரி

"சொல்ல மாட்டேங்க. என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க."

செல்லி இஸ்திரிப் பெட்டியை நங்கென்று வைத்தாள்.

மாதவராஜுக்கு முகம் சுண்டிப்போனது. இருக்காதா பின்னே? மாடியில் தோட்டம் போட்டால் வீட்டு வரியில் பாதி தள்ளுபடி என்று பேரூராட்சியில் அறிவித்ததிலிருந்து மனுஷன் சரியாகத் தூங்கக்கூட இல்லை. பாப்பாரப்பட்டி சந்தையில் நாற்று, வத்தல்மலையிலிருந்து டெம்போவில் செம்மண் என்று அலைந்து திரிந்திருந்தார். மலையிலேயே கிடந்தால் அது வெறும் மண். மாதவராஜ் வீட்டு மாடிக்கு ஏறிவிட்டால் சுற்றுச்சூழல்.

முதல் தடவை வந்தபோது "தேறாது" என்று சொல்லிவிட்டுப் போன வரி ஆய்வாளர் ஆரோக்கியராஜ், இன்று மாடியைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். தக்காளி ஒன்றைப் பறித்து, சட்டையில் துடைத்து, தின்றும் பார்த்துவிட்டார்.

ஒரே ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. வாசலில் தொழில் செய்பவர் யாராவது, 'இந்தத் தோட்டத்தால் தெருவுக்கு நன்மை' என்று அதிகாரி முன்னால் வாயால் சொல்ல வேண்டும். அந்த வாசலில் இருப்பது செல்லியின் இஸ்திரி வண்டி மட்டும்தான்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்றார் ஆரோக்கியராஜ்.

"எனக்கு என்னங்க நன்மை அதுல?"

"மாடியில பச்சை இருந்தா கான்கிரீட்ல சூடு ஏறாது. வூடும் குளுமை, தெருவும் குளுமை. காத்து சுத்தமாகும். ஊருக்கே நல்லதும்மா!"

"அவரு வூடு குளுமையாத்தான் இருக்குதுங்க. நான் இல்லைங்கல."

மாதவராஜ் குறுக்கே புகுந்தார்.

"வயித்தெரிச்சல் சார்! எத்தனை வருசமா என் வாசல்ல தொழில் பண்றா. ஒரு நாளாவது தள்ளிப் போன்னு சொல்லியிருப்பனா? நன்றியே இல்ல சார் இந்தக் காலத்துல."

வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். "அடுத்தவங்க நல்லாருந்தா பொறுக்காதே" என்றார் ஒருவர். அவர் சட்டையைத்தான் செல்லி அப்போது தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்படியும் ஒரு சொட்டு வியர்வை அந்த வெள்ளைச் சட்டையின் மேலேயே விழுந்தது. பதறிப்போய் அதைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

"பாருங்க. இப்படிச் சொட்டுனா எங்கிட்ட யாருங்க துணி போடுவாங்க? பாதிப்பேரு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா நானும் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"நம்ம தர்மபுரி பக்கம் சித்திரை மாசம் வெயில் அடிக்கத்தான் செய்யும். அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?" என்றார் ஆரோக்கியராஜ்.

"போன சித்திரையிலயும்தாங்க அடிச்சுது. எம்மேல படல."

"ஏன்?"

செல்லி காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் கிடந்த துணி மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மூட்டைக்கு அடியில் ஒரு அடிமரம். அண்டா அகலம். வெட்டுப்பட்ட இடம் இன்னும் வெளுப்புக்கூட மாறவில்லை.

"புங்க மரங்க. இந்தத் தெருவுக்கே அதுதான் நிழலு. தோட்டம் போடணும்னு வெட்டிப்புட்டாருங்க."

தலையாட்டியவர்கள் இருவரும் தங்கள் செருப்பை ஆராய ஆரம்பித்தார்கள்.

ஆரோக்கியராஜுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. 'மரம் வளர்ப்போம்' என்று ஆபீஸ் சுவரில் எழுத வைத்தவரே அவர்தான்.

"என்னய்யா இது அக்கிரமம்! இவ்வளவு பெரிய மரத்தைச் சாய்ச்சிட்டு, நாலு தொட்டியை வெச்சு வரிச் சலுகை கேக்கறியா? இந்தம்மா வேகாத வெயில்ல நின்னு சாகறாங்க. உனக்கு மனசாட்சி வேண்டாம்? மரத்தை வெட்டுன்னு எவன்யா உனக்கு யோசனை சொன்னது?"

மாதவராஜ் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்கதானுங்க சார். மொதத் தடவை வந்தப்ப, 'மாடி பூரா மர நிழல் விழுது, வெயில் பட்டாத்தான் தோட்டம், அப்பத்தான் சலுகை'ன்னு கண்டிசனாச் சொல்லிட்டு, அந்த மரத்தடியில நிழலாப் பாத்து விட்டிருந்த பைக்கை எடுத்துக்கிட்டுப் போனீங்களே."