கடைசித் தட்டுக்கு முட்டை இல்லை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கைவேலை கொஞ்ச நேரம் காத்திருந்தால் குடியொன்றும் முழுகிவிடாது. ஒரு பள்ளிக்கூடத்து முட்டைத் திருட்டு கையும் களவுமாகப் பிடிபட்ட கதையைச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம். வாரத்தில் ஒருநாள் ஆளுக்கொரு அவித்த முட்டையும் உண்டு. தலைக்கு ஒன்று என்று எண்ணித்தான் மேலிடத்திலிருந்து அனுப்புவார்கள். கை தவறி உடைந்தால் என்ன செய்வது என்பதற்குக்கூட ஒன்று கூடுதலாக வராது. யாராவது லீவு போட்டால் மிஞ்சுமே என்கிறீர்களா? முட்டை நாளில் காய்ச்சல்கூட மறுநாளைக்குத்தான் வரும்!

புதிதாக வந்த பெரிய வாத்தியார் நியாயஸ்தர். நியாயம் எவ்வளவு கனமோ, மீசையும் அவ்வளவு கனம். அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து முட்டை நாள் தோறும் ஒரு முட்டை குறைந்தது. வரிசையில் கடைசியாக வரும் கடைக்குட்டிக்குத்தான் முட்டை இல்லாமல் போகும். அந்தப் பிள்ளை அழாது, கேட்காது. முட்டை இருந்த காலிப் பேசினை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பார்வை வாத்தியாரின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவருக்குச் சந்தேகம் சமையற்காரி மேல். எல்லோரும் அவளைக் கரண்டியம்மா என்பார்கள். முட்டை நாளில் மட்டும் அவள் வாய் கட்டிய பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போவதை அவர் பார்த்து வைத்திருந்தார். ஒருநாள் வாசலிலேயே மறித்தார்.

"பையில என்னம்மா?"

"முட்டை ஓடு சார். வீட்டுல தொட்டிச் செடி இருக்கு, அதுக்கு உரம்."

வாத்தியார் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஓடுதான். விரலில் ஒட்டியதை உதறிக்கொண்டே கேட்டார்.

"ஓடு இங்க இருக்கு. உள்ள இருந்தது எங்க?"

"பிள்ளைங்க வயித்துல சார்."

"ஒரு பிள்ளை வயித்துல இல்லையே!"

கரண்டியம்மாவின் முகம் சுண்டிப்போனது. "உங்களுக்கு முன்னால பெரிய டீச்சரம்மா இருந்த வரைக்கும் ஒண்ணுகூடக் குறைஞ்சதில்ல சார். அவங்க முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்திக்குவாங்க. அப்பக்கூடக் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு."

"மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னவங்களுக்குத் திருட்டு எப்படிம்மா தெரியும்? நான் கண்ணைத் திறந்து வச்சிருக்கேன். அடுத்த தடவை ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க வேற வேலை பாத்துக்கலாம்."

அந்தப் பள்ளிக்கூடத்து அடுப்பை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. அன்று செடிக்கு உரம் போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த முட்டை நாள். வாத்தியார் அடுப்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கண் முன்னால்தான் முட்டை வெந்தது, அவர் கண் முன்னால்தான் ஓடு உரிந்தது.

"நீங்களும் எண்ணுங்கம்மா. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

இருவரும் எண்ணினார்கள். பிள்ளைகள் எத்தனையோ அத்தனை முட்டை. சரியாக இருந்தது. பேசினைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

பரிமாறுவதற்கு முன்னால் பெரிய வாத்தியார் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. கடமையில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. மற்ற பதார்த்தங்களைக் கரண்டியம்மா ஒரு தட்டில் மூடிக் கொண்டு வந்து, வாசற்படியிலேயே நின்று நீட்டிவிட்டுப் போனாள். ஜன்னல் மேல் ஒரு கண், கதவு மேல் ஒரு கண்ணாக அந்தக் கடமையையும் முடித்தார். உப்பு சரி. காரம் சரி. வேக்காடும் சரி. மணி அடிக்கச் சொன்னார்.

அன்று முட்டை பரிமாறியதும் அவரேதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கரண்டியம்மா சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியாகக் கடைக்குட்டியின் தட்டு நீண்டது.

வாத்தியார் பேசினுக்குள் கையை விட்டார். கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது.

கடைக்குட்டி எட்டிப் பார்த்தது.

"எப்படிம்மா?" வாத்தியாரின் குரல் கோபத்திலும் திகைப்பிலும் உடைந்தது. "என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டு எப்படி எடுத்தீங்க? அந்த ரூமுக்குள்ள என்னைத் தவிர ஒரு ஈகூட நுழையலையே!"

கரண்டியம்மா கெஞ்சுவதற்காகக் கையைக் கூப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கூப்பிய கை மெதுவாகப் பிரிந்தது. தோளில் கிடந்த கைத்துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"முதல்ல மீசையைத் துடைங்க சார். மஞ்சக்கரு ஒட்டியிருக்கு."

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கடைசியாக நீளும் தட்டிலும் எந்நாளும் முழுசாகவே விழட்டும்.