துணைக்கு வந்தவர்

“டோலரஸ் காரை நிறுத்திட்டு வந்துட்டிருக்காங்க” என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார் வெர்னன்.

நர்ஸ் கைலா நம்பவில்லை. விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் அவர். அந்த பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவள் அவள்.

“போன தடவை மச்சான் காரை நிறுத்திட்டு வர்றார்னீங்க. நான் கொட்டற பனியில போய்ப் பார்த்தேன். மச்சானும் இல்ல, காரும் இல்ல.”

“அவன் அப்படித்தாம்மா, சொல்லாம கொள்ளாம போயிடுவான்.”

“வலி போக கழுத்து நரம்பைச் சுட்டுட்டு, அரை மயக்கத்துல உங்களைத் தனியா வண்டி ஓட்ட விட முடியாது. கூட்டிட்டுப் போகத் தெரிஞ்ச ஆள் வேணும், டாக்சி ஆகாது. கேட்டுல எங்கம்மா நிக்கலேன்னா நீங்க என்னை பஸ்ஸை விட்டு இறக்கியிருக்கீங்களா?”

ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் வீடு சேர்த்தவரை வீடு சேர்க்க ஓர் ஆள் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, மகன் இருப்பது அலாஸ்காவில். எதிர்வீட்டு டோலரஸிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாளைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதனால், துணைக்கு யார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டபோது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே அவள் பெயரைச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக நழுவி, இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருக்கும் தன் வண்டியில் ஏறிப் போய்விடுவதாகத் திட்டம்.

இன்றும் திருப்பி அனுப்பினால் அவ்வளவுதான். இந்தச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் கொடுத்த அனுமதி இந்த வாரத்தோடு முடிகிறது. முன்பு அந்த நரம்பை மரக்க வைத்துப் பார்க்கச் சோதனை ஊசி போட்ட அன்று அரைநாள் வலியே இல்லை. ஜன்னலோரம் நின்று தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பித் தெருவை வேடிக்கை பார்த்தார். மருந்து இறங்கியதும் பழைய கதைதான். இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் பீரோவை நகர்த்துவது போல மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும்.

“அட, டோலரஸே வந்துட்டாங்களே!” என்றாள் கைலா வாசலைப் பார்த்து.

வெர்னன் உடம்போடு திரும்பினார். சாட்சாத் டோலரஸ்தான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

“நீங்கதானே இவரைக் கூட்டிட்டுப் போறீங்க?”

டோலரஸ் கைலாவைப் பார்த்தாள். வெர்னனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

“பின்ன? என்னை விட்டா இவரை யாரு சீந்துவா?”

கைலா நகர்ந்ததும் வெர்னன் கிசுகிசுத்தார். “நான் இங்கே வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஊர்ல யார் தும்மினாலும் எல்லாருக்கும் தெரியும். பேசாம உட்காருங்க.”

“எந்த வண்டியில போறோம்? உங்களோடதா, என்னோடதா?”

“முதல்ல முழுசா வெளியே வாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்.”

துணைக்கு வருகிறவர்களுக்கென்று காபியும் டோனட்டும் வைத்திருந்தார்கள். கைலா ஒரு கோப்பையை நீட்டினாள். காபி குடிக்காமல் காலையில் ஜன்னல் திரையைக்கூட விலக்காதவள் டோலரஸ். கோப்பையை ஆசையாகப் பார்த்துவிட்டு, “வேணாம்மா” என்றாள்.

சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருக்கும் தன் எதிரில் உட்கார்ந்து குடிக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று வெர்னன் புரிந்துகொண்டார். இவ்வளவு நல்லவளிடம் நேரிலேயே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

உள்ளே குப்புறப் படுக்க வைத்தார்கள். டாக்டர் கழுத்தை மரக்கச் செய்துவிட்டு, “சுடறதுக்கு முன்னாடி சரியான நரம்புதானான்னு பார்ப்பேன். ஜிவ்வுனு இருந்தா சொல்லுங்க” என்றார்.

“ஜிவ்வுங்குது டாக்டர்.”

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

அதற்கப்புறம் தோள் தானாகத் துள்ளியது. கழுத்துக்குள் சூடு பரவியது. எல்லாம் முடிந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும்போதே வெர்னனுக்குக் கண் செருகிவிட்டது.

விழித்தபோது, சுற்றிலும் திரை போட்ட கட்டிலில் கிடந்தார். கைலா வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள்.

“நீங்க கிளம்பலாம். டோலரஸைக் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்றேன்.”

போன வேகத்தில் திரும்பி வந்தாள். “வெளியே அவங்களைக் காணோமே!”

வெர்னனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாவம், அவள்தான் என்ன செய்வாள்? கேட்காமல் கொள்ளாமல் அவள் பெயரை இழுத்துவிட்டவர் இவர். நர்ஸிடம் காட்டிக்கொடுக்காமல் விட்டதே பெரிசு. ஆனாலும் கிழவருக்கு மனசு ஆறவில்லை. அவள் காத்திருப்பாள் என்று நம்பிவிட்டார்.

“வெர்னன், முழிச்சிட்டீங்களா?”

இடது பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. யோசிக்காமல் திரும்பினார். உடம்பு அப்படியே கிடக்க, தலை மட்டும் திரும்பியது.

கைலா ஓடிப்போய்த் திரையை விலக்கினாள். அடுத்த கட்டிலில், ஆஸ்பத்திரி அங்கியும் இடுப்பில் பிளாஸ்திரியுமாக டோலரஸ் குப்புறக் கிடந்தாள்.

“என்னைக் கூட்டிட்டுப் போக நீங்க வந்திருக்கிறதாத்தான் நானும் சொல்லிவச்சிருக்கேன்.”