தலைகீழாய் நின்ற நிலைக்கால்

பழைய வீட்டின் கதவு நிலையையே புதுச்சுவரில் பொருத்திவிட்டுத் தச்சர் உளியைத் துடைக்கிறார். ஒரு காலின் அடியைக் கரையான் அரித்திருந்ததால், அந்த முனைக்கு ஒட்டுப்போட்டு மேலே திருப்பி நிறுத்தியிருக்கிறார். சாய்வெயில் அந்தக் காலில் விழுந்ததும் கோடுகள் தெரிகின்றன. ஒன்பது வயதில் போய்ச்சேர்ந்த மகனை அதில் சாய்த்து, வருஷா வருஷம் வீட்டுக்காரம்மா கீறிய உயரங்கள். முதல் கோடு இப்போது அவள் மார்புக்கு நேரே இருக்கிறது. கடைசிக் கோடு தொடையளவில். வளர வளரப் பிள்ளை தரைக்குள் இறங்குகிறான்.

தச்சர் மறுபடி சுத்தியலை எடுக்கிறார். "கவனிக்காம விட்டுட்டேன்க்கா. கழட்டி நேராக்கிடுறேன்."

அவள் குந்தி உட்கார்ந்து, கடைசிக் கோட்டிலிருந்து தரைவரை சாண் போடுகிறாள்.

"வேணாம்ண்ணே. இன்னும் மூணு சாண் இடம் இருக்கு அவனுக்கு."