மூன்று முறை அழைத்தும்

"பட்டூ! பட்டூ! பட்டூ!"

டவாலியின் குரல் நீதிமன்ற வராந்தாவின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. ஆள்தான் வரவில்லை.

தூண் ஓரம் நின்ற வக்கீல்கள் சிரித்தார்கள். குற்றப்பத்திரிகையில் முழ நீளத்துக்கு ஒரு பெயர், அதன் பக்கத்தில் 'என்கிற பட்டு'. கைது செய்யப் போன அன்று வாசலில் ஒருத்தி அப்படிச் சொல்லி அழுதாளாம். ஏட்டு அதையும் விடாமல் எழுதிவிட்டார். டவாலி முழுப் பெயரை ஒரு தடவை முனகிவிட்டு, பட்டுவைத்தான் தொண்டை கிழியக் கூப்பிடுவார்.

கடையிலிருந்து செப்புக் கம்பி திருடியதாக வழக்கு. ஜாமீனில் போனவன் போனவன்தான். பிடிவாரண்டு போட்டு ஏழு மாதம் ஆகிறது. ஏட்டும் வாய்தாவுக்கு வாய்தா வந்து, "தேடிக்கிட்டு இருக்கோம் ஐயா" என்று அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

டவாலியின் கண்ணோ கடைசி பெஞ்சில் இருந்தது.

அங்கே ஓர் அம்மாள். பட்டுவின் வாய்தாவுக்கு மட்டும் வருவாள். பெயரைக் கூப்பிட வாயெடுத்ததுமே கண்ணை மூடிக்கொள்வாள். மூன்றாவது அழைப்பு முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

டவாலி துப்பறியும் நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். பெஞ்ச் கிளார்க் அவரை 'சி.ஐ.டி.' என்றுதான் கூப்பிடுவார். சி.ஐ.டி. மூளை எப்போதோ முடிச்சை அவிழ்த்துவிட்டது. இவள் பெற்றவள். பிள்ளையை எங்கோ ஒளித்து வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். போலீஸ் எவ்வளவு தூரம் நெருங்கிவிட்டது என்று வேவு பார்க்க வருகிறாள்.

இன்று விடுவதாக இல்லை. அவள் எழுந்ததும், ஒன்றுக்குப் போகிறவர்போல இவரும் நழுவினார். படிக்கட்டில் மடக்கிவிட்டார்.

"ஏம்மா, மழுப்பாமச் சொல்லுங்க. பையன் எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் துப்பு!

அவள் பையைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே நான்காக மடித்த காகிதம். பிரித்தார்.

இறப்புச் சான்றிதழ். அதே முழ நீளப் பெயர். வேலை தேடிப் போன ஊரில், ஆஸ்பத்திரியில், காய்ச்சலில். தேதியைப் பார்த்தார். வாரண்டில் கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முந்தியது.

செத்தவனையா இத்தனை மாதமாக விரட்டிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு உடம்பு கூசியது.

"அடக் கடவுளே! இதை அன்னைக்கே கோர்ட்டுல கொடுத்திருந்தா கேஸை மூடியிருப்பாங்களேம்மா?"

"மூடிடுவாங்கன்னுதான் கொடுக்கல."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். போன வாய்தா முடிந்த அன்றைக்கே அடுத்த வாய்தாவுக்கு மனசு ஏங்கத் தொடங்கிவிடுமாம்.

"வீட்டுல நான் கூப்பிட்டா அழுகையாத்தான் வருதுங்க. சொந்தபந்தம் எல்லாம் அவன் பேரைச் சொல்லவே பயப்படுறாங்க. நீங்க ஒருத்தர்தான், 'எங்கடா போய்த் தொலைஞ்சே'ங்கிற மாதிரி எரிச்சலாக் கூப்பிடுறீங்க. உயிரோட இருக்கிறவனைத்தானேய்யா அப்படிக் கூப்பிடுவாங்க?"

டவாலி சான்றிதழின் தேதியை மறுபடியும் பார்த்தார்.

"தெரிஞ்சுபோச்சு. இனி உங்க இஷ்டம்" என்றாள். காகிதம் அவர் கையில்தான் இருந்தது. நியாயப்படி அது நேராக நீதிபதியின் மேஜைக்குப் போக வேண்டியது.

உள்ளே மணி அடித்தது.

அவர் காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தார். உறையில் போட்டு அவள் கையில் வைத்துவிட்டு ஓடினார்.

பெஞ்ச் கிளார்க் 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சி.ஐ.டி., அந்த அம்மா பின்னாலயே நழுவினீங்களே. ஆள் எங்கன்னு துப்பு கிடைச்சுதா?"

"இல்லீங்க" என்றார் டவாலி. "அடுத்த வாய்தாவைக் கொஞ்சம் கிட்டத்துலயே போடச் சொல்லுங்க. கூப்பிட்டுப் பார்ப்போம்."