வெள்ளைப் புகை

"அண்ணாச்சி, வாசல்ல நிக்கிற எங்க பழைய டீசல் காரு விடாம புகையுது" என்று போனில் பதறினாள் பேச்சிச்செல்வி.

மெக்கானிக் சுடலைக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "கிழட்டு வண்டி புகையத்தாம்மா செய்யும். என்ன கலரு?"

"காலையில கறுப்பு."

"ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்."

"பொறவு நீலமா வந்துச்சு."

"ஆயில் எரியுது. உன் வீட்டுக்காரர ஷெட்டுக்குக் கொண்டாரச் சொல்லு."

"அவுக கீழவைப்பாருக்குப் போயிருக்காவ. போனு எடுக்கல. இப்ப வெள்ளையா குபுகுபுன்னு வருது. அது எதுக்கு அண்ணாச்சி?"

"எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறுது. உடனே ஆஃப் பண்ணு!"

அவள் கதறிவிட்டாள்.

"எத ஆஃப் பண்ண? சொன்னா நம்ப மாட்டிய. பானட்டுக்குள்ள எஞ்சினே இல்ல. போன வாரமே கழட்டி, கீழவைப்பார்ல ஒரு மீன்பிடி வள்ளத்துக்கு வித்துட்டாவ. அத ஓட்டிக் காட்டத்தான் அவுக அதே வள்ளத்துல கடலுக்குள்ள போயிருக்காவ!"

சுடலைக்கண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"தாயி... இப்ப என்ன கலர்ல வருது?"

அவள் வாசலுக்கு ஓடும் சத்தம் கேட்டது.

"புகை நின்னுட்டு அண்ணாச்சி. சைலன்சர்லருந்து தண்ணி கொட்டுது. கடல் வாடை அடிக்குது."